புள்ளிச் சட்டைக்காரியின் கூந்தல்

மீராந்துறைக்குக் கப்பல் வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில், துறைமுகத்துப் பயணிகள் கொட்டகையின் ஓரமாக ஒரு படப்பெட்டி நின்றது. பினாங்கில் கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் கொண்டுவந்து இறக்கிய இரும்புப் பெட்டி அது. உள்ளே ஒரு சுழல் முக்காலி, வாசலில் ஒரு பச்சைத் திரை. காசைப் போட்டுத் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால் நாலு தடவை வெளிச்சம் அடிக்கும், பிறகு பெட்டி வயிற்றுவலிக்காரன் மாதிரி கொஞ்சநேரம் முனகும், முனகி முடித்துப் பக்கத்துத் துளை வழியாக நாலு முகம் உள்ள நீளத்துண்டு ஒன்றை ஈரத்தோடு வெளியே தள்ளும். அந்தக் கொஞ்சநேரம்தான் நிறையப் பேருக்கு இல்லாமல் போனது. முகத்தைக் கொடுத்துவிட்டு எழுந்திருப்பார்கள், கப்பல் சங்கு ஊதிவிடும், பெட்டியைத் தூக்கு பாயைத் தூக்கு என்று ஓடிவிடுவார்கள், அவர்கள் கடலில் பாதிதூரம் போனபிறகு அவர்களுடைய முகம் இங்கே காய்ந்துகொண்டிருக்கும்.

கப்பல் வருவது நின்றது. கொட்டகையைப் பூட்டினார்கள், பூட்டும் துருப்பிடித்தது, கடைசியில் கொட்டகையை இடித்தபோது படப்பெட்டியைப் பிரித்த பழைய இரும்புக்காரன் அதன் அடிவயிற்றில் ஒரு தகரத்தொட்டி நிறைய இப்படி யாரும் எடுத்துக்கொள்ளாத படங்கள் கிடப்பதைக் கண்டான். இரும்பு இல்லாததால் அவனுக்கு அவை வேண்டாம். காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்த பவுலின், வேண்டாமென்றால் எனக்குக் கொடேன் என்று கேட்டு, கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் மேலே அந்த முகங்களையெல்லாம் அள்ளிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஊரில் அவளை டெலிபோன் பவுலின் என்பார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பினாங்கு லைன்ல இருக்கு பேசுங்க, கொழும்பு லைன்ல இருக்கு பேசுங்க என்று ஊருக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவள். கல்யாணம் கூடிவந்தபோதெல்லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவளுக்குப் பிடித்தபோது கூடிவரவில்லை, பிறகு அந்தப் பேச்சே ஓய்ந்துபோனது. எக்ஸ்சேஞ்சை மூடியபிறகு மாதாகோயில் தெரு மாடிவீட்டில் தனியாக இருந்தாள். குரல் மட்டும் தெரிந்தவர்களோடு காலம் கழித்தவளுக்கு இப்போது முகம் மட்டும் தெரிந்தவர்கள் துணைக்கு வந்ததில் ஒரு நியாயம் இருப்பதாகவே ஊர் நினைத்தது. அவளும் தேடித் தேடிச் சேர்த்தாள். பழைய பேப்பர் கடைகளில், மூடிப்போன டிராவல்ஸ் ஆபீஸ்களின் மேசை இழுப்பறைகளில், அந்தப் பெட்டியில் எடுத்த படம் எங்கே கிடந்தாலும் கேட்டு வாங்கினாள். ஆல்பத்தில் ஒட்டி, சாயங்காலம் கடல்காற்று வரும்போது புரட்டிப் பார்ப்பாள். யார் என்ன என்று விசாரித்ததில்லை. கல்யாண வீட்டில் எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை நாம் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி பார்த்தாள்.

அப்படி இருக்கையில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ஆல்பம் மூடவில்லை.

ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பூத்திருக்கிறது என்று நினைத்து ஜன்னலோரம் கொண்டுவந்து விரித்தாள். பூஞ்சை இல்லை, முடி. தொப்பி வைத்த மனிதருக்குத் தொப்பியின் ஓரத்திலிருந்து, அரும்புமீசைக்காரனுக்கு மீசையிலிருந்து, சின்னக் கொண்டைக்காரிக்குக் கொண்டையிலிருந்து, குழந்தை முடியைவிட மெல்லிசாக, ஆனால் நல்ல கருகருவென்று, சில பேருக்கு வெள்ளையாக, படத்தைவிட்டு வெளியே வளர்ந்து பக்கத்துப் படத்தின்மேல் விழுந்து கிடந்தது. ஒரு துண்டில் நாலு முகம் என்றால் நாலுக்கும் வளர்ந்திருந்தது. பவுலின் விரலால் நீவிப் பார்த்தாள். இந்த முடியை இப்படியே விட்டால் முகம் தெரியாமல் போய்விடுமே என்பதுதான் அவளுக்கு முதலில் வந்த கவலை. சேலையை மாற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

சலூன் வைத்திருந்த வைரக்கண்ணு அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வீட்டுக்கு வந்து கொஞ்சம் முடி வெட்டிவிடணும்."

"யாருக்கும்மா? விருந்தாளுங்க வந்திருக்காங்களா?"

"வந்து ரொம்ப நாளாச்சு. இப்பதான் முடி வளருது."

வைரக்கண்ணு வந்தார், ஆல்பத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இதுக்கு மெஷின் ஆகாது. மூக்குமுடி நறுக்குற சின்னக் கத்திரிதான் சரிப்படும்" என்று திரும்பிப்போய் எடுத்துவந்தார். முதல் ஆளுக்கு முன்னால் கத்திரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருந்தார்.

"என்னண்ணே?"

"கிருதா எதுவரைக்கும் விடணும்னு கேக்கணும். யாரைக் கேக்குறது?"

"படத்துல எப்படி இருக்கோ அப்படி விட்டுடுங்க."

"அதில்லம்மா. இங்க வெட்டினா அங்க அவங்களுக்குக் குறையுமா என்னான்னு தெரியல. யாரு பெத்த புள்ளைங்களோ. நான் அளவாவே எடுக்குறேன்."

அன்றிலிருந்து அமாவாசைக்கு மறுநாள் அவர் சலூனில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் மாடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஒரு துண்டில் நாலு தலை இருந்தால் அதை ஒரு ஆளாகக் கொள்வதா நாலு ஆளாகக் கொள்வதா என்று முடிதிருத்துவோர் சங்கத்தில் ஒரு கேள்வி வந்து, ஆள் ஒன்றுதான், முகம்தான் நாலு என்று தலைவர் சொன்னதில் அது முடிந்தது. பெண்களுக்குக் கத்திரி வைக்க வைரக்கண்ணுக்குக் கூச்சமாக இருந்ததால், பெரிய பள்ளிவாசல் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருந்த ஜுனைதா வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வந்தாள். அவள் வந்தால் தெருப் பெண்களும் வந்தார்கள். முடி வெட்டாமல் வளர்த்தவர்களுக்கு எண்ணெய் தடவி, துடைப்பக்குச்சியில் வகிடெடுத்து, பின்னி, தையல்நூலால் கட்டினார்கள். தலைக்குக் குளிப்பாட்டிய நாட்களில் படங்களைக் கிளிப் போட்டுக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டுச் சாம்பிராணி காட்டுவார்கள். கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் முகம் தெரியாத பெண்களுடைய கூந்தல் வரிசையாகக் கடல்காற்றில் அலைந்துகொண்டிருக்கும், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று தெரிந்துகொண்டு போவார்கள். கண்ணாடி போட்ட, டீச்சர் மாதிரி இருந்த ஒருத்தியின் தலையில் ஜுனைதா ஒருமுறை பேன் கண்டுபிடித்தாள். "படிச்ச பொம்பளையா இருந்துக்கிட்டு இப்படியா வச்சுக்கிறது?" என்று அவளைக் கடிந்துகொண்டே சீதாப்பழ விதையை அரைத்துப் பூசினாள்.

வெட்டிய முடியை மக்கும் குப்பையில் போடுவதா மக்காத குப்பையில் போடுவதா என்று நகராட்சியிலிருந்து வந்த பெண் கேட்டாள். அவளே யோசித்து, என்னிடம் கொடுங்கள், தக்காளிச் செடிக்குப் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். பங்குச்சாமியார் வந்து பார்த்தார், தீர்த்தம் தெளித்தார், காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எல்லோருக்கும் வளரவில்லை என்பதை முதலில் கவனித்தது வைரக்கண்ணுதான். சில துண்டுகள் பெட்டியிலிருந்து விழுந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. அதில் ஒருவர் ரேஷன் கடைக்காரருடைய பெரியப்பா, கடல்கடந்து போய் ஈப்போவில் இறந்துபோனவர், அது ஊருக்கே தெரியும். டீக்கடை பெஞ்சில் தினமும் உட்கார்ந்திருக்கும் அலாவுதீன் ராவுத்தர் அந்தக் காலத்தில் எடுத்த படமும் இருந்தது, கறுப்புச் சுருள் முடியோடு மாப்பிள்ளை மாதிரி இருக்கும் அந்த முகத்துக்கு இப்போது வளர்வது சுத்தமான வெள்ளை. ராவுத்தரை மாடிக்குக் கூட்டிவந்து ஒத்துப்பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பவுலின் கறுப்பு அட்டை போட்ட இன்னொரு ஆல்பம் வாங்கி, வளராதவர்களை அதில் மாற்றி, அதன் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றிவைத்தாள்.

சேதி பரவியபோது, ஆளை அனுப்பிவிட்டுக் கடிதம் வராமல் போன வீடுகளிலிருந்து மாடிப்படி ஏறி வந்தார்கள். அப்படி வந்தவள்தான் தையல்நாயகி.

தையல்நாயகி மீன்மார்க்கெட் வாசலில் கருவாடு விற்பவள். கல்யாணமாகி ஒரு வருசம் முடிவதற்குள் அவளுடைய புருசன் வேதையன் பினாங்குக்குக் கப்பலேறினான். வழியனுப்பப் போனவள் அவள்தான். திரைக்குள்ளே போய் உட்கார்ந்தான், வெளிச்சம் அடித்தது, சங்கு ஊதியது, படத்தை நீ வாங்கி வை என்று சொல்லிவிட்டு ஓடினான். அழுதுகொண்டிருந்தவளுக்குப் படம் ஞாபகமில்லை. அதற்குப்பிறகு ஒரு சேதியும் இல்லை. ஏழெட்டு வருசம் கழித்துத் திரும்பிவந்த ஒருவர், கிள்ளான் ஆற்றில் போய்விட்டான் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் கூடிப் பதினாறு கும்பிட்டார்கள், தாலியைக் கழற்றினார்கள், அவள் கருவாட்டுக் கூடையைத் தூக்கினாள்.

பவுலின் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் தையல்நாயகியின் விரல் வந்து விழுந்தது.

"இதுக்கு முடி வளருதா பவுலினு?"

"வளருதுக்கா."

"தாடியும்?"

"தாடியும் வளருது. நல்லா நரைச்சிருக்கு."

தையல்நாயகி மீன்வாடை அடிக்கும் முந்தானையால் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தாள்.

"மொட்டை அடி."

"படத்துல இருக்கிறாப்புலதான் வெட்டுறது வழக்கம்…"

"அவன் பொண்டாட்டி சொல்றேன். நாலையும் அடி."

வைரக்கண்ணு பவுலினைப் பார்த்தார். பவுலின் தலையசைத்தாள். நாலு தலையும் வழவழவென்று ஆனபிறகு தையல்நாயகி ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அதற்குப்பிறகு அமாவாசைக்கு மறுநாள் தவறாமல் வந்து, வேதையனுக்கு மொட்டை அடிப்பதை உட்கார்ந்து பார்த்தாள். "கிள்ளான்லயோ எங்கயோ திடீர்னு தலையத் தடவிப் பாத்து முழிக்கட்டும்" என்பாள். இனி அவள் பொட்டு வைக்கலாமா, வைக்கத்தான் வேண்டுமா என்று கீழத்தெருவில் ஒரு பேச்சு ஓடி, மார்க்கெட்டில் அவளிடமே ஒருத்தி கேட்டாள். "அவன் உசுரோட இருக்கிறது அவன் பாடு. நெத்தி என்னுது" என்று சொல்லி நெத்திலிக் கருவாட்டை நிறுத்துப் போட்டாள் தையல்நாயகி. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பவுலினுக்கு எல்லோர்மேலும் பிரியம்தான், ஆனால் புள்ளிச் சட்டைக்காரியை மட்டும் அவள் ஆல்பத்தில் வைக்கவில்லை, அலமாரிக் கண்ணாடியின் இடுக்கில் செருகியிருந்தாள். முதல் முகத்தில் அந்தப் பெண் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதில் கண் மூடிவிட்டது. மூன்றாவதில், திரைக்கு வெளியே யாரோ கூப்பிட்டமாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். நாலாவதில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பில் தலை ஆடி முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது. இரட்டைப் பின்னல், பெரிய பெரிய புள்ளி போட்ட சட்டை. அவள் கப்பலேறியவளா, கப்பலேற்ற வந்தவளா, ஒன்றும் தெரியாது. அவளுக்கு முடி மற்றவர்களைவிட வேகமாக வளர்ந்தது. பவுலின் அதை யாரையும் வெட்டவிடாமல் தானே வாரிப் பின்னினாள், நாலு முகத்துக்கும் எட்டுப் பின்னல். காதோரம் மட்டும் நரை ஓடியிருந்தது. தனக்கும் ஏறத்தாழ அப்படித்தான் ஓடியிருக்கிறது என்பதில் பவுலினுக்கு ஒரு சந்தோசம்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, வாரிய சீப்போடு முடி கொத்தாக வந்தது.

கையைத் தளர்த்தி மெதுவாக வாரினாள். அப்போதும் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜுனைதா வந்தபோது அலமாரியின் காலடியில் மெல்லிசாக, சிலந்திக்கூடு மாதிரி ஒரு சுருணை கிடந்தது. ஜுனைதா எப்போதும் படியேறும்போதே பேச ஆரம்பிப்பவள், அன்றைக்குக் குனிந்து அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எண்ணெய் சேரலையா ஜுனைதா? இல்ல, நான்தான் இறுக்கிப் பின்னிட்டேனா?"

"இது அது இல்லக்கா." ஜுனைதா கட்டிலில் உட்கார்ந்தாள். "எங்க லாத்தாவுக்கு மார்ல கட்டி வந்து, ஆஸ்பத்திரில மருந்து ஏத்துனாங்கல்ல, அப்ப இப்படித்தான். காலைல எந்திரிச்சா தலகாணியில கொத்துக் கொத்தா கிடக்கும். எங்கும்மா அதைப் பாக்க மாட்டாம, லாத்தா எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பெருக்கிடும்."

"உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

"காரைக்கால்ல இருக்கா. பேரன் எடுத்துட்டா."

பவுலின் அந்தப் பேரனைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும், தரையைப் பெருக்கும்போதெல்லாம், பேரன் எடுத்துவிட்டாள், பேரன் எடுத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டாள். எங்கேயோ ஒரு ஊரில், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசிகுத்தி ஒரு பெண் படுத்திருக்கிறாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ இல்லையோ. எந்த ஊருக்கு லைன் கேட்டாலும் போட்டுக்கொடுத்தவளுக்கு இப்போது போட ஒரு நம்பர் இல்லை. பங்குனி பிறப்பதற்குள் எட்டுப் பின்னலும் போய், நாலு முகத்திலும் தலை வெறுமையாகிவிட்டது, சிரிக்கிற நாலாவது முகத்திலும்.

ஊர் அதைத் தன் வீட்டு நோயாக எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைகளில் வந்தவர்கள் கஞ்சி குடித்தாளா என்று கேட்காத குறையாகப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேண்டுதல் என்று வந்தபோதுதான் அவளுடைய பெயர் தெரியாதது ஒரு பிரச்சினையானது. சிவன்கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிய ரேஷன் கடைக்காரர் மனைவியிடம் குருக்கள் பெயர் கேட்டார்.

"தெரியாது சாமி."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. புள்ளிச் சட்டை போட்டிருப்பா."

குருக்கள் கொஞ்சம் யோசித்தார். "அடையாளம் சொன்னாப் போதும், அவனுக்குத் தெரியும்" என்று புள்ளிச் சட்டையின் பெயருக்கே சங்கல்பம் செய்து தேங்காயை உடைத்தார். மாதாகோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நோயுற்றிருக்கும் நம் புள்ளிச் சட்டைச் சகோதரிக்காக என்று பங்குச்சாமியார் வாசித்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தர்காவில் லெப்பை பெயரே கேட்காமல், அந்தப் புள்ளைக்குத்தானே என்று கையேந்தினார். அவள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் என்று தெரியாததால் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதில் ஊர் கவனமாக இருந்தது.

பவுலினுக்கு அது போதவில்லை. அவளுக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது காதுக்கருவியின் பட்டை அவள் கொண்டைக்கு எட்டாமல் தனியாக ஒன்று வரவழைத்தார்கள் என்று சொல்வார்கள். அதன்மேல் அவளுக்கு இருந்த பெருமை தெருவுக்கே தெரியும். ஒருநாள் வைரக்கண்ணு வந்தபோது அவர் முன்னால் பாயில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"எடுத்துடுங்கண்ணே."

வைரக்கண்ணு கத்தியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "வீட்ல வேண்டாம்மா. கொடுக்கிறதுன்னு ஆயிட்டா வேளாங்கண்ணிக்குப் போய்க் கொடுத்துருங்க. என் கையால ஆகாது."

வேளாங்கண்ணிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் தையல்நாயகி கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். "உனக்கு பஸ்ல தலை சுத்தும். நான் கூட வாரேன்" என்றாள். பவுலினுக்கு பஸ்ஸில் தலை சுற்றியதே கிடையாது, இருந்தாலும் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள்.

முடி இறக்கும் இடத்தில் பவுலின் முதலில் குனிந்தாள். கூந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தபோது, ஒரு பாரம் இறங்கியது என்று எல்லோரும் சொல்கிறமாதிரி அவளுக்குத் தோன்றவில்லை, வலித்தது. அந்த வலி அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்ததில் கொஞ்சம் ஆறியது. எழுந்து திரும்பிப் பார்த்தால், பக்கத்துப் பலகையில் தையல்நாயகி தலையைக் கொடுத்துக் குனிந்திருந்தாள்.

இரண்டு பேரும் சந்தனம் பூசிக்கொண்டு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தார்கள். காற்று வெறுந்தலையில் பட்டு விசித்திரமாகக் குளிர்ந்தது. சுண்டல் வாங்கித் தின்றார்கள்.

"போன அமாவாசைக்கு வைரக்கண்ணு வந்தப்ப, அவனுக்கு மழிக்க ஒண்ணுமில்லன்னாரு" என்றாள் தையல்நாயகி.

பவுலின் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "என்கிட்ட சொல்லலியே."

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். ஒருவேளை மெதுவா வளருதோ என்னமோன்னு பாத்தேன். நேத்து வந்தப்ப நீ உள்ள காபி போட்டுக்கிட்டு இருந்தேல்ல, அப்ப எடுத்துத் தடவிப் பாத்தேன். வழவழன்னு அப்படியே இருக்கு."

அலை வந்து அவர்களுடைய செருப்புவரைக்கும் எட்டிவிட்டுப் போனது.

"அப்ப நீ முடி கொடுத்தது அவருக்காக்கா?"

"அவளுக்குத்தான்."

லைனில் இரண்டுபக்கமும் பேச்சு நின்றுபோகிறபோது நடுவில் மூச்சுக்காட்டாமல் இருக்கத் தெரிந்தவள் பவுலின்.

"அவளுக்குத்தான்னு வச்சுக்க" என்றாள் தையல்நாயகி கடலைப் பார்த்துக்கொண்டு. பிறகு முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். "கடைசில மொட்டையாவே அனுப்பிட்டேன் பவுலினு. அந்தக் கறுப்பு ஆல்பத்துல எல்லாரும் தலைசீவி பவுடர் போட்டுக்கிட்டு இருப்பாங்க. இவன் மட்டும் மொட்டையா உக்காந்திருப்பான்."

"அவருக்குக் காரியம் பண்ணணுமாக்கா?"

"ஒருக்கா பண்ணியாச்சு. ஒரு ஆளுக்கு எத்தனை தடவை பதினாறு கும்பிடுறது?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது தையல்நாயகி பவுலினுடைய தோளில் சாய்ந்து தூங்கினாள். மறுநாள் அவளே வந்து வேதையனுடைய படத்தை எடுத்து, முந்தானையால் நாலு தலையையும் துடைத்து, கறுப்பு ஆல்பத்தில் தன் கையாலேயே ஒட்டினாள். மீராந்துறையில் இரண்டு கிழவிகள் மொட்டைத்தலையோடு நடமாடினார்கள். புள்ளிச் சட்டைக்காரிக்காக என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. தையல்நாயகியிடம் மீன்மார்க்கெட்காரர்கள் கொஞ்சநாள் பேரம் பேசாமல் கருவாடு வாங்கினார்கள்.

சித்திரை வெயிலில் பவுலினுக்கு முடி முளைத்தது. வைகாசியில் விரலால் பிடிக்கிற அளவுக்கு வந்தது, முழுக்க வெள்ளை. கண்ணாடி இடுக்கிலிருந்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை. வைரக்கண்ணு மாதாமாதம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்று மெதுவாகச் சொல்லி மற்றவர்களுக்குக் கத்திரியை எடுப்பார். ஊர் தனக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தது. ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரேஷன் கடைக்காரர் மனைவி தயங்கித் தயங்கி, "அக்கா, பாவம் அவளையும் அந்த ஆல்பத்துல சேத்துட்டா, ஊதுபத்தியாவது கிடைக்கும்ல" என்றாள்.

"லைன் கட் ஆகலை" என்றாள் பவுலின். "கட் ஆனா எனக்குத் தெரியும். ஹோல்ட்ல இருக்கு."

"எப்படிக்கா தெரியும்?"

பவுலின் சீப்புகளைக் கழுவ எழுந்துபோனாள். அன்றைக்கு எல்லோரும் போனபிறகு கண்ணாடி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இப்படி அடம்பிடிப்பது அவளுக்காகவா, தனக்காகவா என்று யோசித்தாள். கூந்தல் போன தலையோடு தானும் அவளும் ஒரே கண்ணாடியில் தெரிவதைப் பார்த்தாள். படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாத விதமாக அவளிடம் பேசினாள். உன் பேர் என்னடி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சாப்பாடு இறங்குகிறதா, வாய் கசக்கிறதா என்று கேட்டாள். பதில் வராததைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. செத்துவிட்டாயா என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலேயே திரும்பச் செருகிவைத்தாள்.

ஆடிக்காற்று மணலை வாரி ஜன்னல்களில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜுனைதா வந்து கண்ணாடியைத் துடைத்தாள். படத்தின் மேலும் மணல் படிந்திருந்ததால் அதை எடுத்து விரலால் தட்டினாள். தட்டியவள் நிறுத்தி, மறுபடியும் தடவினாள்.

"அக்கா, இங்க வாங்க."

"என்ன?"

"மணல்னு நினைச்சேன். மணல் போகமாட்டேங்குது."

பவுலின் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, சுண்டுவிரலால் முதல் தலையைத் தொட்டாள். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. இரண்டாவது தலை, மூன்றாவது தலை, வாயைப் பொத்திச் சிரிக்கிற நாலாவது தலை, நாலும் சொரசொரத்தன. அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். ஜுனைதா ஜன்னலைத் திறந்து கீழே தெருவைப் பார்த்து, முளைச்சிருக்கு என்று மட்டும் சொன்னாள். யாருக்கு என்ன முளைத்தது என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கடையைப் பாதியில் விட்டு வந்தவர்களும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்களுமாக மாடிப்படியில் வரிசை நின்றது. ஒவ்வொருவரும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிட்டார்கள். குருக்கள் தொட்டார், லெப்பை தொட்டார், அலாவுதீன் ராவுத்தரைக் கைப்பிடித்து ஏற்றிக் கொண்டுவந்து தொடவைத்தார்கள். வைரக்கண்ணு பூதக்கண்ணாடியோடு வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளையாத்தான் வருது. ஆனா நேரா வரல. சுருண்டுக்கிட்டு வருது."

"எங்க லாத்தாவுக்கும் அப்படித்தான்" என்றாள் ஜுனைதா. "முன்ன கோரைப்புல்லு மாதிரி இருந்துச்சு. மருந்து விட்டு மறுபடி முளைச்சப்ப சுருட்டையா வந்துச்சு. டாக்டரு அது அப்படித்தான்னாரு."

கடைசியாக மேலே வந்தவள் தையல்நாயகி. மார்க்கெட்டில் சரக்கு இறங்குகிற நேரம், கூடையைத் தலையோடு கொண்டுவந்து வாசலில் இறக்கியிருந்தாள். படத்தைக் கையில் வாங்கி, கருவாட்டுக் கையால் தொடக் கூடாது என்றோ என்னவோ, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கேயே கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

"இந்த வயசுல சுருட்டை முடி கேக்குது பாரு இவளுக்கு" என்றாள்.

பவுலின் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது, படியில் நின்றவர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை யாரோ எடுத்து வந்தார்கள். ஜுனைதா அதை வாங்கி அப்பால் வைத்தாள். இப்போது வேண்டாம், தோல் இன்னும் நோகும், கொஞ்சம் வளரட்டும் என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் காபி போடப் பால் போதவில்லை, வைரக்கண்ணு கத்திரிப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுத் தூக்குவாளியோடு படியிறங்கிப் போனார்.